சுட்டவருக்குக் கூட்டாதீர்கள், பட்டவருக்குக் குறையுங்கள்

பெயின்ட் நிரப்பிய பந்துகளைத் துப்பாக்கியால் சுட்டு ஆடுகிற நான்கு அணி பெயின்ட்பால் ஆட்டத்தை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை கடைசிச் சுற்றில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் சத்தம் போட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். மன்னிப்பு சத்தத்துக்கு மட்டும்தான். சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை.

எங்கள் சிவப்பு அணியில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். அந்தச் சுற்றில் டயர் அடுக்குக்குப் பின்னால் பதினோரு நிமிடம் குப்புறப் படுத்திருந்தான். மே மாத வெயில், மாஸ்க்குக்குள் மூச்சு வாங்குகிறது, கண்ணாடி முழுக்க ஆவி. மற்ற மூன்று அணிகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து நடுவிலிருந்த கொடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். எங்கள் எல்லைக்குப் பத்தடி இருக்கும்போது முதுகில் ஒரு பந்து பட்டது. சரி, பட்டால் அவுட். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் "நான்தான் சுட்டேன்" என்று நீல அணியிலிருந்து ஒருவர் கை தூக்கினார். பச்சை அணியிலிருந்து இன்னொருவரும் தூக்கினார். முதுகில் இருந்ததோ ஒரே ஒரு கறை. நான்கு அணிக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஆரஞ்சு பெயின்ட் கொடுத்திருந்தீர்கள். உங்கள் நடுவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு அணிக்கும் பத்துப் பத்துப் புள்ளி போட்டார். ஒரு முதுகுக்கு இருபது புள்ளி! கடைசியில் பச்சை அணி எங்களை முந்தியது ஐந்து புள்ளியில்.

இரண்டு அணி ஆட்டத்தில் இந்தச் சிக்கலே வராது. நம் ஆள் விழுந்தால் சுட்டது எதிர் அணிதான், விசாரணை தேவையில்லை. கபடியிலும் அப்படித்தான், யார் யாரைத் தொட்டார் என்று வேடிக்கை பார்க்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும். நான்கு அணி இறங்கினால் பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பட்டவனே அறியமாட்டான். பட்டான் என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று: சுட்டவருக்குக் கூட்டாதீர்கள், பட்டவருக்குக் குறையுங்கள். ஓர் ஆள் அவுட் ஆனால் அவருடைய அணிக்கு ஐந்து புள்ளி கழித்துவிடுங்கள். யார் சுட்டது என்ற கேள்வியே எழாது.

இதனால் பெயின்ட்டைத் துடைத்துவிட்டு ஆடுகிறவர்கள் கூடுவார்கள் என்பது எனக்கும் தெரிகிறது. துடைத்துப் பிடிபட்டால் அவரோடு இன்னொருவரையும் வெளியேற்றுங்கள். பிறகு அவருடைய அணியே அவரைப் பார்த்துக்கொள்ளும். அணிக்கு ஒரு நிறத்தில் பெயின்ட் கேட்கலாம்தான். நான்கு நிறப் பந்துகளைக் கலந்துவிடாமல் வைத்திருப்பது உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு தலைவலி என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

இந்த விளையாட்டு தொடங்கிய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1981 ஜூன் 27, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு காடு. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடுகிற பெயின்ட் துப்பாக்கியை வைத்துக்கொண்டு 12 பேர் இறங்கினார்கள். அணியே கிடையாது, ஒவ்வொருவரும் தனித்தனி. ஜெயித்தவர் ரிச்சி வைட் என்கிற வனவியலாளர். கொடிகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தார், ஒரு தடவைகூடச் சுடவில்லை. உங்கள் புள்ளிப் பட்டியலில் அவர் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்.

சுட்டால் புள்ளி என்றால் யார் அதிகம் சுடுவார்? அதிகம் பந்து வாங்கியவர். தலைக்கு நூறு பந்து தருகிறீர்கள், தீர்ந்தால் கவுன்டரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். பச்சை அணி அன்றைக்கு மூன்று தடவை கவுன்டருக்குப் போய் வந்தது. இந்த விதியே பந்து விற்பதற்குத்தான் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூட சேர்க்கையிலிருந்து கோயில் தரிசனம் வரை காசு உள்ளவருக்குத் தனி வரிசை இருக்கிற ஊரில், புதர் மறைவிலாவது எல்லோரும் ஒன்றாக இருப்போமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நீலமும் பச்சையும் பாதிச் சுற்று வரை ஒருவரையொருவர் சுடவே இல்லை என்பதை நான் புகாராகச் சொல்லவில்லை. கூட்டணி நமக்குப் புதிதா என்ன? தேர்தலுக்கு முன் கூட்டணியா, முடிவு வந்தபின் கூட்டணியா என்று நடுவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும். கேட்பது இதைத்தான். சுட்டதற்குப் புள்ளி வேண்டாம், பட்டதற்குக் கழியுங்கள். அப்புறம், கொடியோடு விழுந்தால் கொடி அங்கேயே கிடக்குமா, நடுவுக்குத் திரும்புமா? முதல் சுற்றில் கிடந்தது, கடைசிச் சுற்றில் திரும்பிவிட்டது. இரண்டில் எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். விதிகளை ஒரே தாளில் எழுதி, மாஸ்க் கொடுக்கிற மேசைக்கு மேலே தயவுசெய்து ஒட்டிவையுங்கள்.

அடுத்த மாத ஆட்டத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். அந்தப் பையனும் வருகிறான். முதுகில் எட்டணா அளவுக்குக் கன்றிப்போயிருந்தது இப்போது மஞ்சளாகியிருக்கிறது. அது நீலமா பச்சையா என்று அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
சிவப்பு அணித் தலைவன்