போன காலை விடுங்கள், இருக்கும் மூன்றைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டியில் அடிபட்ட நாய்க்குக் காலை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள் என்று படத்துடன் செய்திகள் வருகின்றன. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் செய்தி அறுவை அரங்கோடு முடிந்துவிடுகிறது. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருபவர் கையில் பெரும்பாலும் ஒரு மருந்துச் சீட்டுதான் இருக்கும். நன்றாக நடந்த அறுவை சிகிச்சையும் அதன் பிறகு வீட்டில்தான் கெடுகிறது.

நின்றுகொண்டிருக்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களும் மீதி 40 சதவீதத்தைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. அதனால் பின்னங்கால் போன நாய் சீக்கிரம் தேறிவிடும். முன்னங்கால் போனது கொஞ்சம் திணறும். மிஞ்சிய காலை மார்புக்கு நடுவில் கொண்டுவந்து ஊன்றி, தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் குதித்துப் போகும். அதற்குச் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. தலை குனிந்தால் எடை முழுதும் முன்னால் சாயும். மார்பு உயரத்துக்கு ஒரு முக்காலி போதும்.

"கொஞ்சம் காலையாவது விட்டு வைத்திருக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. குட்டையாக விட்டால் நாய் அதை ஊன்றப் பார்க்கும், சிமெண்டில் தேய்ந்து தேய்ந்து புண்ணாகும். செயற்கைக் கால் பொருத்துவதாக முன்பே முடிவு செய்திருந்தாலொழிய, முன்னங்காலைத் தோள்பட்டை எலும்போடும் பின்னங்காலைத் தொடையின் மேல்பகுதியிலும் எடுப்பதே வழக்கம்.

முதல் சில நாட்களில் தையலைச் சுற்றி வீங்கி, இரத்தக் கட்டு அடிவயிறு வரை ஊதா நிறத்தில் இறங்கும். பயப்பட வேண்டாம், தானே வடியும். நீர் கோத்து மெத்தென்று ஒரு கட்டி வந்தாலும் ஊசியால் குத்தி எடுக்காதீர்கள். கிருமி உள்ளே போக அதுவே வழியாகும். கெட்ட நாற்றம், சீழ், தையல் விட்டுப்போவது, ஈறு வெளுப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு நாளாகியும் சிறுநீர் கழிக்கவில்லை என்றாலும் அப்படியே. மலம் மூன்று நாள் தள்ளிப்போவது வலி மருந்தால் வருவது, தானாகச் சரியாகும்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் தையல் மேல் படக் கூடாது. நம் ஊர் வெயிலில் பெரிய எதிரி ஈ. வாசலில் கட்டிப்போட்ட நாய்க்குத்தான் புழு வைக்கும். மின்விசிறி ஓடும் அறைக்குள் படுக்கவைத்து, காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தையல் ஓரத்தில் ரவை ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது ஈ முட்டை. ஒரே நாளில் புழுவாகிவிடும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கழுத்துக் கூம்பைக் கழற்றக் கூடாது. கூம்பின் விளிம்பு மூக்கைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும்; குட்டையாக இருந்தால் நாக்கு தையலை எட்டிவிடும்.

வலி விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். "கத்தவில்லையே" என்று மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள். அல்லது வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். வலியுள்ள நாய் கத்த வேண்டும் என்றில்லை; படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும், சும்மா இருக்கும்போதும் மூச்சிரைக்கும், சாப்பாட்டைத் தொடாது. மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் வலி மருந்தான மெலாக்சிகாம், முதல் நாளுக்குப் பிறகு நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கணக்கில் தினம் ஒரு வேளை, சாப்பாட்டுக்குப் பின். வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் குடலில் புண்ணாகும். நரம்பு வலிக்கான காபாபென்டின் கொடுத்தால் தூங்கி வழியும், தள்ளாடும். அதைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது. டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குத் தரக் கூடாதென்று 2006-இல் தடை வந்தது, அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்று செத்த பாறுக் கழுகுகளுக்காக. ஆனால் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும்கூட அது விட்டுவைப்பதில்லை.

புண் ஆறிச் சில வாரம் கழித்தும் நாய் திடீரென்று வீறிட்டு, கால் இல்லாத பக்கம் திரும்பிப் பார்க்கலாம். தோல் துடிக்கும். இல்லாத காலின் வலி அது. மருந்து இருக்கிறது; "சேட்டை" என்று அதட்டாதீர்கள்.

இனி தரை. வழவழ டைல்ஸ் போட்ட வீடுதான் மூன்று கால் நாய்க்கு எமன். மிஞ்சிய பின்னங்கால் வெளிப்பக்கம் வழுக்கினால் தொடை இடுக்குத் தசை கிழியும், முழங்கால் ஜவ்வு அறுந்துபோகும். அப்புறம் ஊன்றுவதற்குக் கால் ஏது? படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை இடைவெளியே இல்லாமல் பிடிமானமுள்ள விரிப்பு வேண்டும். ஜமுக்காளம், பெட்ஷீட், கோணிச் சாக்கு எல்லாம் நாயோடு சேர்ந்து வழுக்கும். அடியில் ரப்பர் வைத்த கால்மிதிகளை வரிசையாகப் போடலாம். யோகா மேட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஓரத்தை டேப் போட்டு ஒட்டலாம். நகத்தையும் பாதத்துக்கு இடையில் வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள். மாடிப்படியை ஒரு மாதம் அடைத்து வையுங்கள். கட்டில், ஸ்கூட்டர் எதிலிருந்தும் குதித்து இறங்க விடக் கூடாது. முன்னங்கால் போன நாய் அப்படி இறங்கும்போது மொத்த அடியும் ஒரே மணிக்கட்டில் விழும்.

முதல் இரண்டு வாரம் மலஜலத்துக்கு மட்டும் வெளியே கூட்டிப் போங்கள்; ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை, சங்கிலியோடு. பின்னங்கால் போனதற்குத் தடித்த துண்டை அடிவயிற்றில் கொடுத்துத் தாங்கலாம், தூக்கக் கூடாது. ஆண் நாயானால் குறியை அழுத்தாமல் பாருங்கள். முன்னங்கால் போனதற்குப் பிடி வைத்த மார்புப் பட்டை. பிறகு வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டலாம். மூன்று காலில் மெதுவாக நடப்பதும் ஒரே இடத்தில் நிற்பதும் குதித்து ஓடுவதைவிடச் சிரமம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் நடைக்கு இழுத்துப் போகாமல், அது குதித்து ஓடி உட்கார்ந்தால் நாமும் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கெடுப்பது இரக்கம். "பாவம், கால் போச்சே" என்று பால் சோறும் பிஸ்கட்டும் ஊட்டி ஆறு மாதத்தில் உருண்டையாக்கிவிடுகிறார்கள். தையல் பிரிக்கும் வரை சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். முட்டையும், வெங்காயம் பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியும் என்று புரதம் தாருங்கள், புண் ஆறும். அதன் பிறகு ஓட்டம் குறைந்த அளவுக்குச் சோறும் குறைய வேண்டும். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்து மாதம் இரு முறை எழுதி வையுங்கள்.

பின்னங்கால் போன நாயின் அந்தப் பக்கக் காதைச் சொறிய இனி ஆள் இல்லை. இல்லாத காலால் சொறிய முயன்று இடுப்புத் தசை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். அந்தக் காதில்தான் உண்ணி சேரும், சீழ் பிடிக்கும். வாரம் ஒரு முறை காதைப் புரட்டிப் பார்த்து, நன்றாகச் சொறிந்தும் விடுங்கள்.

எலும்புப் புற்றுநோய்க்காகக் காலை எடுப்பது வேறு கதை. வலி போகும், நோய் பெரும்பாலும் போகாது, நுரையீரலுக்குப் பரவும். காலை மட்டும் எடுத்தால் நாய் பொதுவாக நான்கைந்து மாதம் உயிரோடு இருக்கும், கீமோ என்னும் புற்றுநோய் மருந்தும் சேர்ந்தால் ஓராண்டை ஒட்டி. ஆகவே மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வேப்பேரி முதல் திருநெல்வேலி வரை உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் தையல், மருந்து, தரை, தீனி பற்றித் தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சிட்டு, நாயை வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். தனியார் கிளினிக்குகளும் அதையே நகலெடுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
திருச்சி.