பின்வரிசையில் எழும் கேள்விகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் பற்றிய செய்திகளில் அடிக்கல்லும் பொன்னாடையும்தான் அதிகம். பாராளுமன்றத்தில் அவர்கள் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பது ஓரிரு வரியோடு முடிந்துவிடுகிறது.

அமைச்சுப் பதவி இல்லாமல் பின்வரிசையில் இருக்கும் ஓர் உறுப்பினருக்குக் கீழே திணைக்களம் எதுவும் கிடையாது. வாய்மூல வினா, ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை (சபை கலையும் வேளையில் ஒரு விடயத்தை எழுப்புவது), வரவு செலவுத் திட்டத்தில் அமைச்சுவாரியாக நடக்கும் குழுநிலை விவாதத்தில் சில நிமிடங்கள், இவைதான் அவர் கையில் இருப்பவை. "மலையக மக்களுக்குக் காணி எப்போது?" என்று கேட்டால் அமைச்சர் ஓர் உரை ஆற்றிவிட்டு அமர்ந்துவிடலாம். "நுவரெலியா மாவட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப்பத்திரம் பெற்ற குடும்பங்கள் எத்தனை? தோட்டவாரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால் கணக்கோடுதான் வர வேண்டும். அந்தக் கணக்கு பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் ஏறிவிட்டால், தோட்டத்து இளைஞர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டே பிரதேச செயலகத்துக்குப் போகலாம்.

தோட்டப் பாதைகளையும் அப்படியே கேட்கலாம். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் செலவிடச் சட்டமே தடையாக இருந்தது; 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதன்பிறகு எந்தச் சபை எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு செலவிட்டது? இதைக் கேட்க ஒருவர் அமைச்சராக வேண்டியதில்லை.

ஆனால் கேட்ட வினாவும் பல நேரம் "கால அவகாசம் தேவை" என்று தள்ளிப்போகிறது. இல்லாவிட்டால் விடை வாசிக்கப்படாமலே சபாபீடத்தில் சமர்ப்பிக்கப்படுகிறது. அப்புறம் அது என்ன ஆனது என்று பத்திரிகை தேடிப் போடாவிட்டால் லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

1947இல் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே தோட்ட மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்குரிமையும் போய், 1952 தேர்தலில் அந்தக் குரல் இல்லாமலே போனது. தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் வென்று உள்ளே போவதற்கு 1977 ஆகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட ஆசனத்தில் இருப்பவர் என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

ஆகவே, அமர்வு நடக்கும் வாரங்களில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். யார் கேட்டார், என்ன விடை, அவகாசம் கேட்டிருந்தால் எந்தத் திகதி வரை. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. ஆளும் தரப்புப் பின்வரிசையில் இருப்பவர் வாய் திறக்காவிட்டால் அதையும் போடுங்கள். பெருந்தோட்ட அமைச்சின் குழுநிலை விவாதம் நடக்கும் நாளுக்கு ஒரு முழுப் பக்கமே வேண்டும்.

வாசகி,
பொகவந்தலாவை