கிரிப்டோ சாவிகளைச் சங்கப் பெட்டகத்தில் வாங்கி வைக்க வேண்டாம்: நகரத்தார் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து நகரத்தார் சங்கங்களின் நிர்வாகப் பெருமக்களுக்கு வணக்கம்.

வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர் பிட்காயின், எத்தேரியம் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி, எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்காமல் தங்கள் சொந்த வாலட்டிலேயே (நாணயத்தைச் செலவிடத் தேவையான ரகசியச் சாவியைக் காக்கும் செயலி அல்லது கருவியில்) வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பம் தவிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், அந்தச் சாவியை மீண்டும் உருவாக்கித் தரும் மீட்புச் சொற்களை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, சங்கப் பெட்டகத்தில் காக்கலாம் என்ற யோசனை உறுப்பினர்களிடையே பேசப்படுகிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

வங்கி வைப்பு ரசீது பிறர் கையில் சிக்கினாலும் அதைக் கொண்டு அவர் பணம் எடுத்துவிட முடியாது. மீட்புச் சொற்களோ, அவையே பணம். 2048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து வாலட் தேர்ந்து தரும் 12 அல்லது 24 சொற்களை வரிசை மாறாமல் யார் எந்தக் கருவியில் உள்ளிட்டாலும், உரியவரின் கையொப்பமோ கைபேசியோ இல்லாமலே இருப்பு முழுவதும் அவர் வசமாகிவிடும். களவு போனால், பெட்டகத்தைத் திறக்கும் உரிமை உள்ள அனைவர் மேலும் பழி விழும். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயத்தைச் சொத்து என்றே கூறியது. ஆயினும் உரிமை யாருடையது என்று நீதிமன்றம் சொல்லலாமே தவிர, தொலைந்த சாவியை எந்த ஆணையாலும் வரவழைக்க முடியாது.

பன்னிரண்டு சொற்களை நான்கு நான்காகப் பிரித்து மூன்று பிள்ளைகளிடம் கொடுப்பதும் சரியான வழியன்று. ஒருவர் தாளைத் தொலைத்தால் மூவருக்கும் இல்லை. எட்டுச் சொற்கள் கைவசமுள்ள இருவரோ, போதிய கணினி வலிமையைக் கூலிக்குப் பிடித்தால் மீதி நான்கையும் தேடிப் பிடித்துவிடலாம். பெருந்தொகை வைத்திருப்போருக்கு மூன்று சாவிகளில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும் மல்டிசிக் வாலட் ஏற்றது. கோயில் உண்டியலை ஒருவர் தனித்துத் திறக்க விடாத ஏற்பாட்டைப் போன்றது அது.

எளிய இருப்புக்கு அவ்வளவு தேவையில்லை. சொற்களைக் கைபேசியில் படம் எடுக்காமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் எழுதி வைத்தால் போதும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளில் தாளைக் கரையான் விட்டுவைக்காது என்பதால், எவர்சில்வர் தகட்டில் பொறிப்பது நல்லது. (பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரும் கடையில் கொடுத்துப் பொறிக்கச் சொல்லிவிடாதீர்கள், எழுத்து அச்சுகளை வாங்கி வீட்டிலேயே தட்டிக்கொள்ளலாம்.) உயிலில் வாலட் இருப்பதையும், அது எவ்வகை என்பதையும், தகடு இருக்கும் இடத்தை அறிந்தவர் யார் என்பதையும் எழுதலாம், சொற்களை எழுதக் கூடாது, ஏனெனில் உயில் பலர் கண்ணில் படும் ஆவணம்.

சங்கம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. குடும்பத்தோடு பிள்ளைகள் ஊருக்கு வரும் சமயத்தில் ஒரு பயிற்சிக் கூட்டம் நடத்தி, சிறு தொகையிட்ட ஒரு மாதிரி வாலட்டைக் கருவியிலிருந்து அழித்துவிட்டு, சொற்களைக் கொண்டே அதை மீட்பது எப்படி என்று ஆச்சிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் செய்து காட்டச் சொல்லுங்கள். பயிற்சி தருபவர் யாராயினும், வந்தவர்களின் சொற்களைக் கேட்கவோ பார்க்கவோ கூடாது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்,
காரைக்குடி