மாடியில் சுற்றும் கிண்ணங்கள்

அன்புள்ள நண்பா,

முட்டி வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

உன் மகள் மொட்டை மாடியில் பொருத்திய வானிலைக் கருவி, செய்தியில் சொல்வதைவிடக் குறைந்த காற்று வேகத்தையே காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்காகக் கருவியைச் சந்தேகப்படாதே. வானிலை நிலையங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியைத் திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் பத்து மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். மாடியிலோ கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் காற்றைத் தடுத்துச் சுழலவிட்டுவிடும். அப்புறம், புயல் செய்தியில் பெரும்பாலும் பெரிதாகச் சொல்லப்படுவது 3 விநாடி வீசும் உச்ச வேகம். வழக்கமான அளவு 10 நிமிடச் சராசரி. இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

காற்றுமானியில் சுற்றும் அந்தக் கிண்ணங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழிந்த பக்கம் காற்றை வாங்கிக்கொள்கிறது, புடைத்த பக்கம் வழியவிடுகிறது. அந்த வித்தியாசத்தில்தான், காற்று எங்கிருந்து வந்தாலும் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன. 1846இல் நான்கு கிண்ணங்களோடு இதை அமைத்தவர் அயர்லாந்து வானியலாளர் தாமஸ் ராம்னி ராபின்சன். கிண்ணம் எந்த அளவாக இருந்தாலும் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் சுற்றும் என்று அவர் நம்பினார். உண்மையில் கிண்ணத்தின் அளவையும் அதைத் தாங்கும் கம்பியின் நீளத்தையும் பொறுத்து அது மாறும். அதனால்தான் இன்றும் தெரிந்த வேகத்தில் காற்றை வீசச் செய்யும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். மூன்று கிண்ண அமைப்பு 1926இல் கனடாவின் ஜான் பேட்டர்சன் செய்தது.

கருவியில் உள்ள காற்றுத் திசைகாட்டியின் முனை காற்று வரும் பக்கத்தைக் காட்டும். வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாகப் பாகை எண்ணுவார்கள்; கிழக்கு 90, தெற்கு 180. இதில் சராசரி எடுப்பதுதான் சிக்கல். 350 பாகையும் 10 பாகையும் வந்தால், கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். வடகாற்று தென்காற்றாகிவிடும்! ஒவ்வொரு அளவையும் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் பிரித்துச் சராசரி கண்டு, பிறகு சேர்க்க வேண்டும். மகளின் கருவி இப்படித்தான் கணக்கிடுகிறதா என்று கையேட்டில் பார்க்கச் சொல்.

முடிந்தால் கம்பத்தையும் தொட்டியைவிட நன்றாக உயர்த்தச் சொல். அதன்பின் ஒரு வார அளவுகளை அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்