தேன்மொழிக்கு: சர்வர் வாங்கும் முன்

கோவை
ஞாயிறு மாலை

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அந்த அலைச்சலில் உடனே எழுத முடியவில்லை. இப்போது நன்றாகப் பார்க்கிறார். நேற்று ஊசியில் நூல் கோத்துக் காட்டினார், வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கல்லூரியில் நெல்லுக்கு ஒரு ஜீனோம் பிரவுசர் (டிஎன்ஏ முழுவதையும் வரைபடம் போல நகர்த்திப் பார்க்கும் மென்பொருள்) நிறுவப் போகிறோம், ஆறு லட்சத்துக்கு ஒரு சர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அதில் கொஞ்சத்தை எடுத்து நல்ல எஸ்.எஸ்.டி. வாங்கு. மிச்சத்தில் மாணவர்கள் உட்காரும் கணினிகளுக்கு ராம் கூட்டு.

நாம் படித்தபோது திறந்து பார்த்த பழைய ஜீனோம் பிரவுசர், ஜிபிரவுஸ் நினைவிருக்கிறதா? லிங்கன் ஸ்டைனும் அவருடைய குழுவும் 2002இல் வெளியிட்டது, பெர்ல் நிரல்மொழியில் எழுதியது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சர்வர்தான் தரவுத்தளத்தில் தேடி, படத்தை வரைந்து அனுப்ப வேண்டும். நாம் நாலு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் திரை வெள்ளையாகவே நிற்கும். அந்தக் காலத்துக்குப் பெரிய சர்வர் தேவைதான். 2009இல் வந்த ஜேபிரவுஸ், வரையும் வேலையைப் பார்ப்பவரின் கணினிக்கே கொடுத்துவிட்டது. இப்போதுள்ள ஜேபிரவுஸ் 2க்கு, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் சர்வர் ஒன்று இருந்தால் போதும். எங்களிடம் இருப்பது எட்டு வருடப் பழைய மெஷின், 16 ஜிபி ராம். 24 மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தாலும் அதற்குச் சிரமமே இல்லை. திணறுவது 4 ஜிபி ராம் உள்ள மாணவர் கணினிகள்தான். அதனால்தான் பணத்தை அந்தப் பக்கம் செலவழி என்கிறேன்.

நிறுவுவது ஒரு மதிய நேர வேலை. நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளைப் போட்டு, 'ஜேபிரவுஸ் கிரியேட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு ஃபோல்டர் உருவாகும். அதை அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் பார்க்கும் இடத்தில் வை. எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிப்பான்பாரே நெல் ரகத்தின் ஃபாஸ்டா கோப்பை (டிஎன்ஏ எழுத்துகள் உள்ள கோப்பு) ஸாம்டூல்ஸ் என்ற கருவியால் இன்டெக்ஸ் செய்து, அதாவது எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை போட்டு, சேர். 12 குரோமோசோம், 37 கோடிச் சொச்சம் எழுத்து, ஒரு நிமிடம்கூட ஆகாது. ஜீன்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் ஜிஎஃப்எஃப்3 கோப்பை மட்டும் முதலில் வரிசைப்படுத்திவிட்டு, பிஜிஜிப்பால் சுருக்கி, டேபிக்ஸ் கருவியால் இன்டெக்ஸ் போடு. வழக்கமான ஜிஜிப்பில் சுருக்கினால் வேலைக்கு ஆகாது. பிஜிஜிப் 64 கேபிக்கு மிகாத துண்டுகளாகச் சுருக்குவதால் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் பிரிக்க முடியும். ஜிஜிப்பில் முதலிலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். அப்புறம், உங்கள் துறையில் யாராவது கோதுமையையும் சேர்க்கச் சொன்னால் பேம் கோப்புக்கு (ரீடுகள், அதாவது இயந்திரம் படித்துத் தந்த சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டுகள், எங்கெங்கே பொருந்துகின்றன என்று சொல்லும் கோப்பு) சிஎஸ்ஐ வகை இன்டெக்ஸ் போடு. வழக்கமான பிஏஐ 53 கோடி எழுத்துக்கு மேல் நீளமான குரோமோசோமைத் தாங்காது. கோதுமையில் அதைத் தாண்டுபவை பல. நெல்லில் மிக நீளமான முதல் குரோமோசோமே 4.3 கோடிதான், அந்தக் கவலை இல்லை.

நான் இரண்டு நாள் தொலைத்த இடம் வேறு. எல்லாம் போட்டு முடித்தாயிற்று, ஜீன்கள் தெரிகின்றன, பேம் டிராக்கை (ஒவ்வொரு கோப்பும் திரையில் ஒரு டிராக், ஒரு வரிசை) திறந்தால் சிவப்பில் ஒரு செய்தி: வந்தது 200, வர வேண்டியது 206. பேம் கோப்பு 11 ஜிபி. திரையில் தெரியும் சின்னப் பகுதிக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் 'இங்கிருந்து இதுவரை' என்று பிரவுசர் கேட்கிறது. அப்படிப் பகுதியாகக் கொடுத்தால் சர்வர் 206 என்று பதில் சொல்ல வேண்டும். சோதனைக்கு நான் வைத்திருந்த சின்ன சர்வர் அந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளாமல் 200 என்று பதில் சொல்லி முழுக் கோப்பையும் அனுப்பத் தொடங்கியிருந்தது. ஒரு படி நெல் கேட்டவருக்கு நெற்குதிர் முழுவதையும் பிரித்துக் கொட்டுவது போல. அப்பாச்சிக்கு மாற்றியதும் அந்தச் செய்தி போயிற்று. ஆனாலும் ஜீன் டிராக்கில் சிக்கல் வந்தது. ஜிஇசட் என்று முடியும் கோப்புகளுக்கு 'இது சுருக்கியது, பிரித்துக்கொள்' என்று பதிலின் முன்னால் ஒரு தலைப்பைச் (ஹெடர்) சேர்த்து அனுப்பும்படி எங்கள் சர்வரின் அமைப்பு இருந்தது. அதைப் பார்த்து குரோம் தானே பிரிக்கப் பார்க்கிறது, ஜேபிரவுஸ் எதிர்பார்த்த பைட்டுகள் அதற்கு வந்து சேரவில்லை. அந்தத் தலைப்பை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. நீ குரோமின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டே நிறுவு. 206 வரிசையாக வருவதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

முழுக் குரோமோசோமையும் ஒரே பார்வையில் காட்ட பேம் வேண்டாம், பிக்விக் என்ற வகைக் கோப்பு செய்து கொடு. தூரத்திலிருந்து பார்ப்பதற்கான சுருக்கக் கணக்குகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. முதலில் திறக்கும்போது மூன்று டிராக்குக்கு மேல் வைக்காதே.

வேகத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். மெதுவாக இருந்தபோது மாணவர்கள் ஜீன் பெயரைத் தட்டுவார்கள், பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். சட்டென்று நகரத் தொடங்கியதும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் அப்படித்தான் ஒன்பதாவது குரோமோசோமில் 64 லட்சமாவது எழுத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளம் தாங்கும் ரகம் ஒன்றின் ரீடுகள் திறந்திருந்தன. ஓரிடத்தில் ரீடுகள் எல்லாம் நிப்பான்பாரேயோடு பாதி மட்டும் பொருந்தி, மீதி வெட்டுப்பட்டு நீலக் குறியோடு குவிந்திருந்தன, ஜோடி ரீடுகளைக் காணோம். "மேடம், இங்கே என்னமோ இல்லை" என்றாள்.

அவள் சொன்னது சரி. வெள்ளம் தாங்க வைக்கும் சப்1ஏ ஜீன் நிப்பான்பாரேயில் கிடையாது. அதன் பக்கத்து ஜீன்கள் சப்1பி, சப்1சி இரண்டும் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. ஒடிசா விவசாயிகள் வைத்திருந்த ஒரு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகத்தில்தான் சப்1ஏ கிடைத்தது, 2006இல் அடையாளம் கண்டார்கள். மற்ற நெல் மூழ்கினால் மேலே வர நினைத்து நீண்டு, இருக்கிற சக்தியையெல்லாம் செலவழித்துவிடும். இந்த ஜீன் உள்ளது வளர்ச்சியை அடக்கிக்கொண்டு இரண்டு வாரம் வரை காத்திருக்கும். புத்தகத்தில் எத்தனையோ முறை நடத்திய பாடம். அவள் அதைத் தானே ஒரு வெற்றிடமாகக் கண்டுபிடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, தேன்.

உங்கள் அப்பா போடும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லில் இருப்பதும் இதே ஜீன்தான். அவரைக் கேட்டதாகச் சொல். போன வெள்ளத்தில் வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, வடிந்த பிறகு எத்தனையாவது நாள் புதுக் குருத்து விட்டது என்று கேட்டு எழுது. அடுத்த வகுப்பில் அந்த இடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மலர்