ஹோர்ட்டன் சமவெளிப் பயணம்: நெலுப் பூவைத் தொட வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி இரவு 9 மணிக்குத் திருகோணமலை பஸ் நிலையத்துக்கு முன்னால் வான் நிற்கும். ஸ்வெட்டர் கட்டாயம். அங்கே 2,000 மீட்டருக்கு மேல் உயரம், நம் கடற்கரை வெயில் கிடையாது.

இனி நெலு பற்றி. இது குறிஞ்சிக்கு உறவுக்காரச் செடி. பல நெலு இனங்கள் இலங்கையில் மட்டுமே வளர்கின்றன, சில அழியும் நிலையில் இருக்கின்றன. அவற்றில் பல ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்து விதை விட்டதும் செடியே பட்டுப்போகும். ஒரு கொத்தைப் பறித்தால், அது வாழ்நாளில் ஒரே தடவை போடும் விதையைப் பறிக்கிறோம்.

போன பயணத்தில் ஒரு தங்கச்சி ஊதாக் கொத்தொன்றைத் தண்ணீர்ப் போத்தலில் செருகி வைத்திருந்தா. கண்டிக்கு வர முன்னமே பூவெல்லாம் மடியில் கொட்டிவிட்டது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அப்புறம், சப்பாத்தின் அடிச்சேற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள், அதில் விதை ஒட்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த யூலெக்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி ஏற்கெனவே அந்தப் புல்வெளியில் பரவிக் கிடக்கிறது. பொலித்தீன் பையும் வேண்டாம், பூங்கா வாசலில் பார்ப்பார்கள்.

வருகிறவர்கள் புதன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.