மாடக்குளம் கண்மாய்க் கரையில் பூங்கா அமைக்க அரசு மானியம் கோரும் மனு

அனுப்புநர்
மாடக்குளம் கண்மாய்ச் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்,
மதுரை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: மாடக்குளம் கண்மாயில் கழிவுநீர் கலப்பதைத் தடுத்து, கரையைப் பலப்படுத்தி, அக்கரையில் பொதுமக்களுக்கான பூங்கா அமைக்க அரசு மானிய நிதி ஒதுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

மாடக்குளம், பழங்காநத்தம், பொன்மேனி, முத்துப்பட்டி, பசுமலை ஆகிய பகுதிகளில் குடியிருக்கும் நாங்கள், எங்கள் வீடுகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் மாடக்குளம் கண்மாயின் கரையில் ஒரு பூங்கா அமைத்துத் தருமாறும், அதற்கு முன்பாகக் கண்மாயின் நீரையும் எல்லையையும் காத்துத் தருமாறும் இம்மனுவின் வழியே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கடற்கரை உள்ள ஊர்களில் மாலையானால் மக்கள் காற்று வாங்கப் போக ஓர் இடம் இயல்பாகவே இருக்கிறது. மதுரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. வைகையில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. எங்களுக்கு வாய்த்த நீர்க்கரை கண்மாய்க் கரை ஒன்றுதான். தண்ணீர் இருக்கும் இடத்தை இவ்வூர் மக்கள் எப்படித் தேடி வருகிறார்கள் என்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமே சான்று. பல ஆண்டுகள் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்த அக்குளத்திற்குப் பனையூர் கால்வாய் வழியாக வைகை நீர் வரத் தொடங்கிய பிறகு, மாலை வேளைகளில் அதன் நான்கு கரைச் சுவர்களிலும் உட்கார இடம் கிடைப்பதில்லை. நகரின் தென்மேற்கில் உள்ள எங்களுக்கு அது தொலைவு. ராஜாஜி பூங்காவும் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் பூங்காவும் வைகையின் வடகரையில் இருக்கின்றன. பேருந்து மாறிப் போக வேண்டிய பூங்காவுக்கு முதியவர்களும் சிறு பிள்ளைகளும் அன்றாடம் போய்வர முடியாது.

மதுரை மாநகராட்சி 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாகவும், ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் மாநகரின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மாடக்குளத்து ஆயக்கட்டில், அதாவது கண்மாய் நீர் பாய்ந்த பாசனப் பரப்பில், நெல் விளைந்த வயல்களில் பெரும்பகுதி இன்று வீட்டுமனைகளாகிவிட்டது. பாசனத்துக்கு நீர் கேட்போர் குறைந்துபோனதால், "இனி இந்தக் கண்மாய் எதற்கு" என்று கேட்பவர்களும் உண்டாகிவிட்டார்கள். எங்களுக்கு அச்சம் தருவது அந்தக் கேள்விதான். பயன் போய்விட்டதாகக் கருதப்பட்ட நீர்நிலைகள் இந்நகரில் என்னவாயின என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உலகனேரிக் கண்மாய் இருந்த பகுதியில் பெரிய கட்டடங்கள் நிற்கின்றன.

மாடக்குளத்தின் பயன் இன்னும் முடிந்துவிடவில்லை. பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இந்நகரை "மாடக்குளக்கீழ் மதுரை" என்று குறிக்கின்றன. நகரமே இக்கண்மாயை வைத்து அடையாளம் சொல்லப்பட்டிருக்கிறது. அன்று வயலுக்குப் பாய்ந்த நீர் இன்று எங்கள் ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஊறுகிறது. கண்மாய் பெருகிய ஆண்டில் மோட்டாரில் தண்ணீர் தடையின்றி ஏறுவதையும், வற்றிய ஆண்டில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைப்பதையும் இப்பகுதிக் குடும்பங்கள் அனைத்தும் அறியும். வைகையில் கொடிமங்கலம் தடுப்பணை கட்டப்பட்டதும் இக்கண்மாய்க்கு நீர் வருவதற்கு நல்ல துணையாக அமைந்துள்ளது. இத்தனை முயற்சி செய்து கொண்டுவரும் ஆற்று நீரோடு குடியிருப்புகளின் சாக்கடை வந்து சேர்வதுதான் எங்களை வருத்துகிறது.

கண்மாய்க் கரையின் இன்றைய நிலையைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறோம். காலையிலும் மாலையிலும் கரைமேல் நடப்பவர்கள் ஏராளம். ஆனால் சீமைக்கருவேல முட்கள் இருபுறமும் நீண்டு, சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிறது. கரைச் சரிவில் கட்டட இடிபாடுகளை இரவில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கோழி இறைச்சிக் கழிவு மூட்டைகள் கிடக்கும் இடத்தில் நாய்கள் கூடி நிற்பதால், அவ்வழியே பெண்கள் தனியாக நடப்பதில்லை. விளக்கு இல்லாத கரையில் இருட்டியபின் நடக்கும் பெரியவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் கால் வைக்கிறார்கள். நீர்ப்பரப்பின் ஓரங்களை ஆகாயத்தாமரை மூடிக்கொண்டு வருகிறது. அதற்கு அப்பால் தெளிந்த நீரில் நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் இன்றும் இரை தேடுகின்றன.

ஆகவே எங்கள் கோரிக்கையில் முன்பின் வரிசை ஒன்று உண்டு. அந்த வரிசை மாறிவிடக் கூடாது என்பதே நாங்கள் எல்லாவற்றிலும் மேலாக வற்புறுத்துவது. கழிவுநீர் விழும் இடங்களை அடையாளம் கண்டு அவற்றைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பதும், 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி கண்மாயை அளந்து எல்லைக்கல் நடுவதும் முதலில் நடக்க வேண்டும். சாக்கடை கலக்கும் நீரைச் சுற்றி எவ்வளவு அழகான நடைபாதை போட்டாலும், மூக்கைப் பொத்திக்கொண்டு யாரும் அங்கே நடக்கப் போவதில்லை. அதன்பிறகு தூர்வாரிக் கரையைப் பலப்படுத்த வேண்டும். எடுக்கும் வண்டல் மண்ணில் கரைக்குத் தகுந்தது போக எஞ்சியதை, அருகிலுள்ள விளாச்சேரியில் மண்பாண்டமும் களிமண் பொம்மையும் செய்து பிழைக்கும் குடும்பங்களுக்குத் தரலாம். வட்டாட்சியர் அனுமதியுடன் வண்டல் மண்ணை விலையின்றி எடுத்துக்கொள்ள அரசே 2024-இல் வழியை எளிதாக்கியிருக்கிறது.

பூங்கா என்று நாங்கள் கேட்பது கரையின்மேலும் கரைக்கு வெளியே உள்ள புறம்போக்கு நிலத்திலும் அமைய வேண்டியது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரு கூடை மண்கூட நிரப்பக் கூடாது. நடைபாதையைக் கான்கிரீட்டில் போடாமல், கிராவல் மண் இட்டு உருளை ஓட்டி அமைத்தால் முதியவர்களின் முழங்காலுக்கும் நல்லது, மழைநீரும் இறங்கும். சக்கர நாற்காலியில் வருவோருக்குக் கரையேறச் சாய்தளம் வேண்டும். மடைகளும், மிகைநீர் வெளியேறும் கலுங்கும் உள்ள இடங்களில் பிள்ளைகள் தவறி விழாதபடி தடுப்புக் கம்பிகள் வேண்டும். விளக்குகளின் வெளிச்சம் பாதையில் மட்டும் விழட்டும். இரவில் அடையும் பறவைகளின்மீது விழ வேண்டாம். மரங்களைப் பொறுத்தவரை, கரைச் சரிவில் பெருமரங்களை நட்டால் பின்னாளில் வேர் மக்கிய துளை வழியாக நீர் கசியக்கூடும் என்பதால், சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வெட்டிவேரையும், கரையடிக்கு வெளியே வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, பனை ஆகியவற்றையும் நடலாம் என்பது எங்கள் பகுதி மூத்த விவசாயிகளின் கருத்து. இதில் நீர்வளத்துறைப் பொறியாளர்களின் முடிவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். படகுக் குழாம், உணவுக் கடைகள், நுழைவுக் கட்டணம் ஆகிய மூன்றும் வேண்டாம் என்பதையும் தெளிவாகப் பதிவு செய்கிறோம். கூலி வேலை முடிந்து வரும் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு காசில்லாமல் வந்து உட்காரும் இடமாக அது இருக்க வேண்டும்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம் தேவை. ஆனால் கட்டுவதற்கு மட்டும் நிதி தந்து, தண்ணீருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நிதி வைக்காவிட்டால் சில மாதங்களிலேயே அதற்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். திறப்பு விழாவுக்குப் பின் ஊஞ்சல் சங்கிலி அறுந்து, புல் காய்ந்து, வாயிற்கதவு சாத்தப்பட்ட பூங்காக்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். எனவே மதிப்பீடு தயாரிக்கும்போதே குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் அதில் சேர்த்து, ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாக்க வேண்டுகிறோம்.

நிதிக்கு வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2021-இல் தொடங்கிய அம்ருத் 2.0 என்னும் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தின் நோக்கங்களில் நீர்நிலைகளைப் புத்துயிர்ப்பதும் பூங்கா அமைப்பதும் அடங்கும். மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமும், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியும் இருக்கின்றன. இவற்றில் எந்த நிதி எந்தப் பணிக்குப் பொருந்தும் என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டுகிறோம். மக்கள் பங்களிப்போடு நடைபெறும் நமக்கு நாமே திட்டத்தில் ஒரு பகுதிப் பணியைச் சேர்த்தால், எங்கள் பங்கை வீடுவீடாகத் திரட்டித் தருவதற்கும், மரக்கன்றுகளுக்குத் தெருவாரியாக முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுவதற்கும் பொறுப்பேற்கிறோம்.

கரையும் நீரும் நீர்வளத்துறையின் பொறுப்பு. பூங்காவும் சாக்கடையும் மாநகராட்சியின் பொறுப்பு. நில அளவை வருவாய்த்துறையின் பொறுப்பு. மூன்று துறைகளின் கோப்புகளும் ஒரே மேசைக்கு வருவது தங்கள் அலுவலகத்தில்தான் என்பதால் இம்மனுவைத் தங்களிடம் அளிக்கிறோம். தூர்வாரவும் எல்லைக்கல் நடவும் கண்மாயில் நீர் வற்றியிருக்கும் கோடை மாதங்களே ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அவ்வாண்டு எதுவும் செய்ய இயலாது. ஆகவே, மூன்று துறை அலுவலர்களும் சேர்ந்து கள ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்கவும், நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றை மாநகராட்சிக்குப் பெற்றுத் தரவும், வரும் கோடைக்குள் முதற்கட்ட நிதியை ஒதுக்கவும் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிந்து வேண்டுகிறோம். ஆய்வு நடைபெறும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், கழிவுநீர் விழும் இடங்களையும் பழுதடைந்த மடைகளையும் நேரில் காட்ட எங்களில் சிலர் கரையில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாடக்குளம் கண்மாய்ச் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பப் பட்டியல், கரையின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள்.